அவுட்ஃபீல்டில் ஓடியவர் எப்படிக் கோச் ஆகிறார்? டேவ் ராபர்ட்ஸின் கதையிலிருந்து ஓர் அறிமுகம்

பேஸ்பாலில் பேட்டரிடமிருந்து மிகத் தொலைவில் நிற்பவர்கள் மூன்று பேர்: லெஃப்ட் ஃபீல்டர், சென்டர் ஃபீல்டர், ரைட் ஃபீல்டர். மூவரையும் சேர்த்து அவுட்ஃபீல்டர்கள் என்பார்கள். ஒரு ஆட்டம் முழுக்க இவர்களில் ஒருவருக்கு நாலைந்து பந்துகள்கூட வராமல் போகலாம். இப்படி ஒதுங்கி நின்று ஆடியவர்களில் பலர், ஓய்வு பெற்றபின் முதல் பேஸுக்குப் பக்கத்தில் கோச்சாக வந்து நிற்கிறார்கள். சிலர் அங்கிருந்து அணியையே நடத்தும் இடத்துக்குப் போகிறார்கள். தூரத்தில் நின்றவருக்கு ஆட்டத்தின் நடுப்பகுதி எப்படிப் பிடிபடுகிறது? லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியின் மேனேஜர் டேவ் ராபர்ட்ஸின் வாழ்க்கையைப் பின்தொடர்ந்தால் இதற்குப் பதில் கிடைக்கும். பேஸ்பாலை இதுவரை பார்த்திராதவர்களும் தொடரும்படி, வழியில் தேவையான விதிகளையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் மைதானம். சதுரத்தின் நாலு முனைகளில் நாலு பேஸ்கள். ஒரு பேஸிலிருந்து அடுத்ததற்கு 90 அடி. பேட்டர் நிற்கும் முனைக்கு ஹோம் பிளேட் என்று பெயர். அங்கிருந்து கிளம்பி மூன்று பேஸ்களையும் தொட்டு, திரும்பவும் ஹோம் பிளேட்டைத் தொட்டால் ஒரு ரன். மூன்று பேர் அவுட் ஆனால் அந்த அணியின் முறை முடிந்தது. இப்படி ஒன்பது இன்னிங்ஸ். கிரிக்கெட் பழகிய கண்ணுக்கு ஒரு வித்தியாசம் உடனே உறுத்தும். கிரிக்கெட்டில் எல்லைக்கோட்டருகே நிற்பவர் நாலு ரன்னைத் தடுக்கிறார். விட்டால் போவது சில ரன்கள்தான். பேஸ்பாலில் அவுட்ஃபீல்டர் ஒரு பந்தைத் தவறவிட்டால், பேஸ்களில் காத்திருக்கும் மூன்று பேரும் ஹோமுக்கு ஓடிவிடலாம். ஒரு அணி ஓர் ஆட்டத்தில் சராசரியாக நாலைந்து ரன்களே எடுக்கும் விளையாட்டில் அது தோல்விக்குச் சமம்.

அதனால் அவுட்ஃபீல்டரின் முதல் திறமை, பந்து பேட்டில் பட்ட அந்த நொடியிலேயே அது எங்கே இறங்கும் என்று கணிப்பது. பந்து காற்றில் ஏறியபின் யோசித்தால் தாமதம். பட்ட சத்தம், பேட் சுழன்ற கோணம், பிட்சர் (பேட்டருக்குப் பந்து எறிபவர்) எறிந்த பந்தின் வகை, அன்றைய காற்று, எல்லாம் சேர்ந்து முதல் அடியைத் தீர்மானிக்கின்றன. முதல் அடி பின்னால் வைக்க வேண்டிய இடத்தில் முன்னால் வைத்துவிட்டால், பிறகு எவ்வளவு வேகமாக ஓடினாலும் பயனில்லை. தலைக்கு நேரே வரும் பந்துதான் கணிக்க மிகவும் கடினம் என்று ஆடியவர்கள் எல்லோருமே சொல்வார்கள். பக்கவாட்டில் போகும் பந்தின் வளைவு கண்ணுக்குத் தெரியும். நேரே வருவதன் தூரம் தெரியாது.

பிடித்தால் மட்டும் வேலை முடியாது. ஓடிக்கொண்டிருப்பவர் யார், எவ்வளவு வேகக்காரர், எந்த பேஸுக்கு எறிந்தால் அவரைத் தடுக்கலாம் என்பதைப் பந்து வருவதற்கு முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். அந்தத் தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்பது பேரின் நிலையும் ஒரே பார்வையில் விழும். ஆட்டத்தை முழுசாகப் பார்க்கும் பழக்கம் அவுட்ஃபீல்டருக்கு இப்படித்தான் வருகிறது. கோச் வேலைக்கான பயிற்சி அவருக்கே தெரியாமல் அங்கேயே தொடங்கிவிடுகிறது என்பது என் கருத்து.

டேவ் ராபர்ட்ஸ் 1972-இல் ஜப்பானின் ஒகினாவா தீவில், நாஹா நகரில் பிறந்தவர். அம்மா ஜப்பானியர், அப்பா அமெரிக்கக் கடற்படைப் பிரிவான மரீன் படையில் இருந்த கறுப்பின அமெரிக்கர். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் படித்தபோது அவருக்கு விளையாட்டு உதவித்தொகைகூடக் கிடையாது. தானாகப் போய்த் தேர்வில் கலந்துகொண்டு அணியில் இடம் பிடித்தார். உருவத்தில் சிறியவர், இடது கைக்காரர். இடது கையால் எறிபவரை இரண்டாம் பேஸ், மூன்றாம் பேஸ், அவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள ஷார்ட்ஸ்டாப் ஆகிய இடங்களில் நிறுத்துவது வழக்கமில்லை. முதல் பேஸ் பக்கம் எறிய அவர் உடம்பைத் திருப்ப வேண்டியிருக்கும், அதில் நேரம் போய்விடும். பிட்சிங்கும் முதல் பேஸும் போக அவர்களுக்கு மிச்சம் இருப்பது அவுட்ஃபீல்ட். ராபர்ட்ஸிடம் வேகம் இருந்தது. அது அங்கே பொருந்தியது.

அமெரிக்காவில் தொழில்முறை பேஸ்பாலுக்குள் போகும் வாசல் டிராஃப்ட். அணிகள் வரிசைப்படி இளைஞர்களைத் தேர்ந்தெடுக்கும். முதல் சுற்றில் எடுக்கப்பட்டவருக்குப் பெரும் பணம், பெரும் கவனம். ராபர்ட்ஸை டெட்ராய்ட் டைகர்ஸ் 1994-இல் எடுத்தது 28-வது சுற்றில். அப்படி எடுக்கப்பட்டவர் நேராகப் பெரிய மைதானத்துக்குப் போவதில்லை. மைனர் லீக் என்ற ஏணியில் கீழ்ப்படியிலிருந்து ஏற வேண்டும்: சிங்கிள் ஏ, டபுள் ஏ, டிரிப்பிள் ஏ. சின்ன ஊர்கள், நீண்ட பஸ் பயணங்கள், குறைந்த சம்பளம். பலருடைய வாழ்க்கை அந்த ஏணியிலேயே முடிந்துவிடும். ராபர்ட்ஸ் ஐந்து வருடங்கள் ஏறினார். நடுவில் கிளீவ்லாந்து அணிக்கு மாற்றப்பட்டு, 1999-இல் 27 வயதில்தான் ஏணியின் உச்சியான மேஜர் லீகில் முதல் ஆட்டம் ஆடினார். இடம் நிலைத்ததோ 2002-இல் டாட்ஜர்ஸுக்கு வந்த பிறகு.

கோச்சாகப் போகிறவர்களில் இத்தகையவர்கள் அதிகம் என்பதைக் கவனிக்க வேண்டும். இயற்கையிலேயே எல்லாம் வாய்த்த நட்சத்திரத்துக்குத் தான் செய்வதை விளக்க வேண்டிய தேவை வந்திருக்காது. 28-வது சுற்றில் வந்தவருக்கு ஒவ்வொரு சின்ன நுணுக்கத்தையும் யாரிடமாவது கேட்டுக் கற்றால்தான் அடுத்த மாதச் சம்பளம். கற்ற வழி நினைவில் இருப்பவரால்தான் அதை இன்னொருவருக்குச் சொல்லித்தர முடியும்.

ராபர்ட்ஸுக்குச் சொல்லித்தந்தவர் மோரி வில்ஸ். 1962-இல் டாட்ஜர்ஸுக்காக 104 பேஸ்களைத் திருடி, 1915-இல் டை காப் செய்திருந்த 96 என்ற சாதனையைத் தாண்டியவர். பேஸ் திருடுவது என்றால் என்ன? முதல் பேஸில் நிற்பவர், பேட்டர் பந்தை அடிக்கும்வரை காத்திருக்காமல், பிட்சர் எறியத் தொடங்கியதும் இரண்டாம் பேஸுக்கு ஓடிவிடுவது. பேட்டருக்குப் பின்னால் இருந்து பந்தைப் பிடிக்கும் கேட்சர் உடனே இரண்டாம் பேஸுக்கு எறிவார். பந்தும் ஆளும் ஒரே இடத்தை நோக்கிப் பாயும்.

இதன் கணக்கு சுவையானது. பிட்சர் கை அசைத்ததிலிருந்து பந்து கேட்சர் கைக்குப் போக ஏறக்குறைய 1.3 நொடி. கேட்சர் அதை எடுத்து இரண்டாம் பேஸுக்கு அனுப்ப ஏறக்குறைய 2 நொடி. ஆக, ஓடுபவருக்குக் கிடைப்பது 3.3 நொடி. அவர் பேஸைவிட்டுப் பத்துப் பன்னிரண்டு அடி முன்னதாகவே நகர்ந்து நிற்பார். இதற்கு லீட் என்று பெயர். ரொம்பத் தள்ளிப் போனால் பிட்சர் திரும்பி முதல் பேஸுக்கு எறிந்து அவுட் ஆக்கிவிடுவார். போகாவிட்டால் ஓட்டத்தில் தோற்பார். வேகமாக ஓடுபவர்கள் எல்லாருமே நல்ல திருடர்கள் ஆகாததற்குக் காரணம் இதுதான். பிட்சரின் தோள், முழங்கால், குதிகால் இவற்றில் எது முதலில் அசைந்தால் பந்து பேட்டருக்குப் போகும், எது அசைந்தால் முதல் பேஸுக்கு வரும் என்று படிக்கத் தெரிந்தவர் அரை நொடி முன்னால் கிளம்புகிறார். இதில் நூற்றுக்கு 70 முதல் 75 முறை வெற்றி பெறாவிட்டால் அணிக்கு லாபத்தைவிட நஷ்டம்தான் அதிகம். ராபர்ட்ஸ் 2004-இல் 41 முறை ஓடி 38 முறை வென்றார்.

அந்த 2004-இல்தான் அவர் பெயர் பேஸ்பால் உள்ளவரை நிற்கும்படி ஆனது. ஜூலை 31 அன்று டாட்ஜர்ஸ் அவரை பாஸ்டன் ரெட் சாக்ஸுக்கு மாற்றிவிட்டது. பாஸ்டனில் அவருக்கு நிலையான இடம் இல்லை, பெஞ்சில்தான் இருந்தார். அக்டோபரில், மேஜர் லீகின் இரண்டு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீகின் இறுதித் தொடர், எதிரி நியூயார்க் யாங்கீஸ். முதல் மூன்று ஆட்டங்களிலும் பாஸ்டன் தோற்றது. மூன்றாவதில் 19-8 என்ற அவமானகரமான தோல்வி. ஏழு ஆட்டத் தொடரில் மூன்று தோற்றபின் மீண்டு வந்த பேஸ்பால் அணி அதுவரை ஒன்றுகூட இல்லை. நான்காவது ஆட்டம் அக்டோபர் 17. ஒன்பதாவது இன்னிங்ஸ், யாங்கீஸ் 4-3 முன்னணி, பந்து எறிய வந்தவர் மரியானோ ரிவேரா. கடைசி இன்னிங்ஸில் வந்து ஆட்டத்தை முடித்துவைப்பதில் அவரை மிஞ்சியவர் கிடையாது.

பாஸ்டனின் கெவின் மில்லர் நாலு மோசமான பந்துகளை விட்டு, அடிக்காமலே முதல் பேஸுக்குப் போனார். மேனேஜர் டெரி ஃபிராங்கோனா உடனே அவரை வெளியே எடுத்துவிட்டு, ஓடுவதற்காக மட்டும் ராபர்ட்ஸை அனுப்பினார். அனுப்பும்போது ஒரு கண்சிமிட்டல். வேறு உத்தரவு எதுவும் தேவைப்படவில்லை. மைதானத்தில் இருந்த எல்லோருக்கும் அவர் ஓடப்போகிறார் என்று தெரியும். ரிவேராவுக்கும் தெரியும். முதல் பந்தைப் பேட்டருக்கு எறிவதற்குள் மூன்று முறை முதல் பேஸுக்கு எறிந்து பார்த்தார். எல்லோருக்கும் தெரிந்திருக்கும்போதே நீ திருடியாக வேண்டிய நாள் ஒன்று வரும் என்று மோரி வில்ஸ் முன்பே சொல்லியிருந்ததாக ராபர்ட்ஸ் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். ரிவேராவின் முதல் பந்திலேயே ஓடினார். கேட்சர் ஹோர்ஹே பொசாடா எறிந்த பந்தை டெரெக் ஜீட்டர் பிடித்துத் தொடுவதற்கு ஒரு நூலிழை முன்பு ராபர்ட்ஸின் கை பேஸில் இருந்தது. அடுத்து பில் முல்லர் அடித்த பந்தில் ஹோமுக்கு வந்து 4-4. பன்னிரண்டாவது இன்னிங்ஸில் டேவிட் ஆர்டிஸ் ஹோம் ரன் (கிரிக்கெட்டின் சிக்ஸர் போல எல்லையைத் தாண்டும் அடி) அடித்து வென்று கொடுத்தார். பாஸ்டன் நாலு ஆட்டங்களையும் தொடர்ந்து வென்று, 1918-க்குப் பிறகு முதல்முறையாக, இரண்டு லீகுகளின் வெற்றியாளர்கள் மோதும் உலகத் தொடரையும் கைப்பற்றியது. உலகத் தொடரில் ராபர்ட்ஸ் ஒரு நிமிடம்கூட ஆடவில்லை. இருந்தும் பாஸ்டனில் அவரை மறந்தவர் இல்லை.

ஃபிராங்கோனாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவரும் அவுட்ஃபீல்டராகத் தொடங்கியவர்தான். அவருடைய அப்பா டிட்டோவும் அப்படியே. முழங்கால் காயங்கள் டெரியின் ஓட்டத்தைப் பறித்தன. மைனர் லீகில் மேனேஜராக இருந்து படிப்படியாக ஏறினார். தன் கால்கள் இழந்ததை இன்னொருவர் கால்களில் அடையாளம் கண்டு, சரியான நொடியில் அவரை அனுப்பியிருக்கிறார்.

ராபர்ட்ஸின் கடைசி ஆட்டக்காலம் 2008. பத்து வருடங்களில் 832 ஆட்டங்கள், 243 திருட்டுகள், வெறும் 23 ஹோம் ரன்கள். ஓர் ஆண்டு தொலைக்காட்சியில் ஆட்டங்களை அலசிவிட்டு, 2010-இல் சான் டியேகோ பாட்ரஸ் அணியில் வேலைக்குச் சேர்ந்தார். அந்த வசந்தத்திலேயே அவருக்கு ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா என்ற புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. சிகிச்சை முடித்துத் திரும்பி, 2011-இல் அதே அணியின் முதல் பேஸ் கோச் ஆனார்.

பேஸ்பாலில் கோச் என்பவர் அணித்தலைமை அல்ல. தலைமை மேனேஜருடையது, யார் ஆடுவது, எப்போது பிட்சரை மாற்றுவது எல்லாம் அவர் முடிவு. அவருக்குக் கீழே பேட்டிங்குக்கு, பிட்சிங்குக்கு என்று தனித்தனிக் கோச்சுகள் உண்டு. இவர்களில் இரண்டு பேர் ஆட்டம் நடக்கும்போதே மைதானத்துக்குள் நிற்கிறார்கள்: முதல் பேஸ் கோச், மூன்றாம் பேஸ் கோச். அணியின் சீருடையும் அணிந்திருப்பார்கள்.

மூன்றாம் பேஸ் கோச் ஓடிவருபவரை ஹோமுக்குப் போகச் சொல்வதா, நிறுத்துவதா என்று கையசைத்து முடிவெடுப்பவர். தவறினால் மறுநாள் பத்திரிகையில் அவர் பெயர் வரும். முதல் பேஸ் கோச்சின் வேலை அவ்வளவு வெளியே தெரியாது. கையில் ஒரு ஸ்டாப்வாட்ச். பிட்சர் எடுக்கும் நேரத்தைப் பந்துக்குப் பந்து அளப்பார். பேஸுக்கு வந்து சேர்ந்தவரின் காதில், இவன் இன்று 1.5 நொடி எடுக்கிறான், இரண்டு தடவைக்கு மேல் திரும்பிப் பார்ப்பதில்லை, ரைட் ஃபீல்டரின் கை பலமில்லை, என்று சுருக்கமாகச் சொல்வார். கூடவே பல அணிகளில் அவுட்ஃபீல்டர்களுக்குப் பயிற்சி தருவதும் அவர் பொறுப்பே. ஆட்டத்துக்கு முன் மைதானத்தில் பந்துகளை அடித்து அடித்து முதல் அடி எடுக்கப் பழக்குவது, இன்றைய எதிரணி பேட்டர்களுக்கு யார் எங்கே தள்ளி நிற்பது என்று காட்டுவது எல்லாம் அதில் அடங்கும். பேஸ் ஓட்டம், அவுட்ஃபீல்ட் இரண்டையும் ஒரே ஆளிடம் கொடுப்பது ஏன் என்றால், இரண்டும் ஒரே படிப்பு. பந்து விழுமா, பிடிபடுமா என்று ஓடுபவர் கணிப்பதும், அதே பந்துக்காக அவுட்ஃபீல்டர் கணிப்பதும் எதிரெதிர் பக்கத்திலிருந்து ஒரே கேள்விக்கு விடை தேடுவதுதான்.

இந்த வேலையில் ஆபத்தும் உண்டு. 2007 ஜூலையில் மைக் கூல்பாவ் என்ற மைனர் லீக் கோச், முதல் பேஸருகே நின்றிருந்தபோது பேட்டர் அடித்த பந்து தாக்கி இறந்துபோனார். அடுத்த ஆண்டிலிருந்து பேஸ் கோச்சுகள் ஹெல்மெட் அணிவது கட்டாயமானது.

ராபர்ட்ஸ் மூன்று வருடங்கள் அந்த இடத்தில் நின்றார். 2014-இல் பெஞ்ச் கோச் ஆனார். அதாவது மேனேஜரின் பக்கத்திலேயே உட்கார்ந்து அடுத்த இரண்டு இன்னிங்ஸை முன்கூட்டி யோசிப்பவர். 2015 நவம்பரில் டாட்ஜர்ஸ் அவரை மேனேஜராக அழைத்தது. மோரி வில்ஸ் அணிந்திருந்த 30 என்ற எண்ணைத் தன் முதுகில் போட்டுக்கொண்டார். முதல் பேஸ் கோச்சாக ஜார்ஜ் லொம்பார்டு வந்தார்; அவரும் முன்னாள் அவுட்ஃபீல்டர். முதல் வருடமே, டாட்ஜர்ஸ் இருக்கும் மற்றொரு பிரிவான நேஷனல் லீகின் சிறந்த மேனேஜர் விருது கிடைத்தது. 2017-லும் 2018-லும் உலகத் தொடர் வரை வந்து தோற்றார். பிட்சரை மாற்றும் நேரம் குறித்துக் கடுமையான விமர்சனம் அவர்மேல் இருந்தது, அதில் சில நியாயமானவையும்கூட. 2020-இல் கோப்பை கைக்கு வந்தது. உலகத் தொடரை வென்ற இரண்டாவது கறுப்பின மேனேஜர் அவர். முதலாமவர் 1992, 1993 ஆண்டுகளில் டொராண்டோவுக்கு வென்று கொடுத்த சிட்டோ காஸ்டன். அவரும் அவுட்ஃபீல்டராக ஆடி, பேட்டிங் கோச்சாக இருந்து மேலே வந்தவர்.

அந்த 2020 தொடரின் முதல் ஆட்டத்தில் அவுட்ஃபீல்டர் மூக்கி பெட்ஸ் ஐந்தாவது இன்னிங்ஸில் அடிக்காமலே முதல் பேஸுக்குப் போய், இரண்டாம் பேஸைத் திருடி, மூன்றாம் பேஸையும் திருடி, மேக்ஸ் மன்சி தரையோடு அடித்த பந்தில் ஹோமுக்குப் பாய்ந்தார். பார்த்தவர்களுக்கு அது வேகமாகத் தெரிந்திருக்கும். எனக்கு வில்ஸ் ராபர்ட்ஸுக்குச் சொன்ன பாடம் அடுத்த கைக்குப் போய்ச் சேர்ந்ததாகவே படுகிறது.

2023-இல் விதிகள் மாறின. பேஸின் அகலம் 15 அங்குலத்திலிருந்து 18 ஆனது. ஒரு பேட்டர் நிற்கும்போது பிட்சர் இரண்டு முறைதான் முதல் பேஸுக்கு எறிந்து பார்க்கலாம். மூன்றாவது முறையும் எறிந்து அவுட் ஆக்க முடியாவிட்டால் ஓட்டக்காரருக்கு அடுத்த பேஸ் இலவசம். முந்தைய வருடம் மொத்த லீகிலும் 2,486 ஆக இருந்த திருட்டுகள் ஒரே வருடத்தில் 3,503 ஆக உயர்ந்தன. ரிவேரா அன்று மூன்று முறை எறிந்தார் என்பதை நினைத்துப் பாருங்கள். இன்றைய விதி அன்று இருந்திருந்தால் ராபர்ட்ஸ் ஓடவே வேண்டியிருந்திருக்காது. ஸ்டாப்வாட்ச் கோச்சுக்கு அணிக்குள் மதிப்பு கூடியிருப்பதற்கும் இதுவே காரணம்.

2024-இலும் டாட்ஜர்ஸ் வென்றது. 2025 உலகத் தொடர், டொராண்டோ புளூ ஜேஸுடன், ஏழாவது ஆட்டம்வரை போனது. அதன் கடைசி இரண்டு இரவுகளும் அவுட்ஃபீல்ட் என்றால் என்னவென்று புதிதாகப் பார்ப்பவருக்குக் காட்டச் சரியானவை. ஆறாவது ஆட்டத்தில், 3-1 என்று டாட்ஜர்ஸ் முன்னணியில் இருந்தபோது, கடைசி இன்னிங்ஸில் டொராண்டோவின் அடி ஒன்று தாழ்வாக லெஃப்ட் ஃபீல்டுக்கு வந்தது. இரண்டாம் பேஸில் நின்ற ஆடிசன் பார்ஜர் அது தரையில் விழும் என்று கணித்து முன்னால் போனார். கிகே எர்னாண்டஸ் பிடித்துவிடலாம் என்று கணித்து ஓடிவந்தார். பிடித்தார், உடனே இரண்டாம் பேஸுக்கு எறிந்தார். பந்து பிடிபட்டால் தன் பேஸுக்குத் திரும்பியாக வேண்டிய பார்ஜரால் திரும்ப முடியவில்லை. ஒரே பந்தில் இரண்டு அவுட், ஆட்டம் முடிந்தது.

மறுநாள் ஏழாவது ஆட்டம். ஒன்பதாவது இன்னிங்ஸில் 4-4. டொராண்டோவின் முறை, ஒரு அவுட், மூன்று பேஸ்களிலும் ஆட்கள். மூன்றாம் பேஸில் நிற்பவர் ஹோமுக்கு வந்துவிட்டால் கோப்பை போய்விடும். இந்த நேரத்தில் ராபர்ட்ஸ் சென்டர் ஃபீல்டரை மாற்றினார். டாமி எட்மனை எடுத்துவிட்டு ஆண்டி பாஹேஸை அனுப்பினார். அந்த அக்டோபரில் பாஹேஸின் பேட்டிங் சுத்தமாக எடுபடவில்லை. அதனால் பெஞ்சில் உட்கார வைக்கப்பட்டிருந்தார். ஆனால் அவர் கைக்கு எட்மன் கையைவிடப் பலம் அதிகம். உயரப் பந்து ஒன்று பிடிபட்டு, மூன்றாம் பேஸிலிருந்து ஆள் ஓடினால், ஹோமுக்கு எறிந்து நிறுத்தக்கூடிய கை வேண்டும் என்பதே கணக்கு. ஒரே ஒரு திறமைக்காகப் பெஞ்சிலிருந்து அழைக்கப்படுவது என்னவென்று ராபர்ட்ஸுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்த பேட்டரின் பந்தில் ஹோமில் ஒரு அவுட். அதற்கடுத்து எர்னி கிளெமென்ட் இடது-மத்திய மூலைக்கு ஆழமாக அடித்தார். எர்னாண்டஸும் பாஹேஸும் ஒரே பந்துக்காகப் பின்னோக்கி ஓடினார்கள். மோதிக்கொண்டார்கள், எர்னாண்டஸ் கீழே விழுந்தார், பந்து பாஹேஸின் கிளவுஸில் இருந்தது. எறிவதற்காக அழைக்கப்பட்டவர் பிடித்துக் காப்பாற்றினார். பதினோராவது இன்னிங்ஸில் வில் ஸ்மித் ஹோம் ரன் அடிக்க, 5-4. 1998 முதல் 2000 வரை வென்ற யாங்கீஸுக்குப் பிறகு அடுத்தடுத்த ஆண்டுகளில் உலகத் தொடரை வென்ற முதல் அணி ராபர்ட்ஸுடையது.